கடல் மீன் தொட்டிக்கு உப்பு கேட்டு வந்தால்...



அரிசி வரத்து, எண்ணெய் விலை, வரிக் கணக்கு என்று எழுதப்படும் பக்கத்தில் மீன் தொட்டியைப் பற்றி ஒருவன் எழுத வந்தால் படிப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். அலங்கார மீன் எனக்குத் தொழில் அல்ல. காரைக்காலில் முப்பது ஆண்டுக்கு மேலாக மளிகைக் கடை நடத்துகிறவன் நான். தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் சொல்லி, நம்பி வந்த ஒரு வாடிக்கையாளருக்கு நஷ்டம் உண்டாக்கினேன். அது என்னவென்று சொல்லிவிட்டால் மற்ற உறுப்பினர்களாவது அந்தத் தவறைச் செய்யாமல் இருப்பார்கள். நம் ஊரில் இப்போது கடல் மீன் தொட்டி மோகம் வந்திருக்கிறது. ஜவுளிக்கடை, ஓட்டல், டாக்டர் வீடு என்று வைக்கிறார்கள். நம் உறுப்பினர்களில் சிலர் அதை விற்பனைக்கும் கொண்டுவர யோசிக்கிறார்கள். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

நடந்தது இதுதான். எங்கள் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் மாலை வந்து இரண்டு கிலோ கல்லுப்பு கேட்டார். ஊறுகாய் போடும் பருவமும் இல்லையே என்று, "எதுக்கு சார் இவ்வளவு?" என்றேன். மகள் ஆசைப்பட்டாளாம். வெளியூர்க் கடை ஒன்றில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியும், குழந்தைகள் 'நீமோ' என்று சொல்லும் வரி போட்ட கோமாளி மீன் நாலும், நீல மீன் இரண்டும் ஒரே நாளில் வாங்கி வந்துவிட்டார். கடையில் கொடுத்த உப்புப் பொட்டலம் பாதித் தொட்டிக்குத்தான் வந்தது. மீன்கள் பையோடு வீட்டில் காத்திருக்கின்றன.

"கல்லுப்பும் கடல் உப்புதானே அண்ணே? லிட்டருக்கு 35 கிராம் போட்டா கடல் தண்ணி ஆயிடுமில்ல?"

"சந்தேகமே வேண்டாம் சார். வேதாரண்யம் உப்பு. கடல் தண்ணியைக் காயவெச்சு எடுத்தது. கரைச்சா மறுபடி கடல் தண்ணிதான்."

இவ்வளவும் கல்லாவில் உட்கார்ந்தபடி நான் சொன்னது. ஐந்தாம் நாள் அத்தனை மீனும் செத்து மிதந்தன. ஆசிரியர் வந்தார், திட்டவில்லை. மாதக் கணக்கைத் தீர்த்துவிட்டு, "ஏன் அண்ணே அப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிறகு அவரும் நானுமாக இதைக் கற்றுக்கொண்டோம். இன்று என் கடையிலேயே ஒரு தொட்டி ஓடுகிறது.

உப்பு விற்கிறவனுக்குத் தெரியாத உப்பு

நாம் தலைமுறை தலைமுறையாக விற்கும் சரக்கு உப்பு. அது எப்படி விளைகிறது என்று பாத்திக்காரரிடம் ஒருநாள் நின்று கேட்டிருந்தால் அந்தப் பதிலை நான் சொல்லியிருக்க மாட்டேன். கடல்நீர் வெயிலில் வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம் படியும். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி வந்தபிறகுதான் நாம் விற்கும் உப்பு விழ ஆரம்பிக்கும். முன்னதெல்லாம் வேறு பாத்தியிலேயே தங்கிவிடும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் இருக்கிறது. அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள், விடாவிட்டால் உப்பு கசக்கும், நீர் கோக்கும். ஆக, கல்லுப்பு என்பது கடலிலிருந்து சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பெரும்பாலும் கழித்துவிட்டு எடுத்த சரக்கு. சமையலுக்கு அதுதான் நல்லது. கடல் பிராணிகளுக்கோ கழித்த அந்தப் பொருள்களும் வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு என்றால் அதில் மெக்னீசியம் மட்டும் 1.3 கிராம் அளவு, கால்சியம் 0.4 கிராம் அளவு. இவை இல்லாத தண்ணீரில் நத்தையும் பவளமும் ஓடு கட்ட முடியாது. தண்ணீரின் காரத்தன்மையும் நிலைக்காது.

அயோடின் கலந்த பாக்கெட் தூள் உப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் சேர்ந்து வருகிறது. எனவே யாராவது கடல் மீன் தொட்டிக்கென்று கல்லுப்போ தூள் உப்போ கேட்டால், "இது அதுக்கு ஆகாது, தொட்டிக்கென்றே கலவை உப்பு தனியாக வருகிறது" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நமக்குப் போவது இரண்டு கிலோ உப்பின் லாபம்தான்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே?

என் உப்பு தோற்றபின் ஆசிரியருக்கு இந்த யோசனை வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம்? இரண்டு கேன் எடுத்துப்போய் மொண்டு வந்துவிடலாமே. மொண்டும் வந்தார். அது கார்த்திகை மாதம். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன் உப்பு அளக்கும் கருவி ஒன்று கொண்டுவந்திருந்தான், உள்ளங்கை நீளம், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் பார்த்தால் 35 இருக்க வேண்டிய இடத்தில் 22 காட்டியது. தண்ணீரோ தேநீர் நிறம்.

இதில் ஆச்சரியமே இல்லை. நம் கடற்கரை அரசலாற்றின் முகத்துவாரம். திருமலைராஜன் ஆறு, நாட்டாறு என்று காவிரியின் கிளைகள் வரிசையாக வந்து விழும் கரை இது. வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடல் பாதி ஆறாகிவிடும். பவளப்பாறை நம் கரையில் ஏன் இல்லை, மன்னார் வளைகுடாவில் ஏன் இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். வண்டல் கலந்த, உப்பு ஏறி இறங்கும் தண்ணீர் பவளத்துக்கு ஒத்துக்கொள்ளாது. போதாததற்கு விசைப்படகுகளின் டீசல், ஊர்ச் சாக்கடை. நம் கரை மணலும் பெரும்பாலும் காவிரி கொண்டுவந்த ஆற்று மணல்தான். சுண்ணாம்புச் சத்துள்ள பவள மணலுக்கு அது ஈடாகாது. கோடையில், ஆழ்கடலுக்குப் போகும் படகில் கரையிலிருந்து வெகுதூரத்தில் எடுத்து, இருட்டில் பல நாள் தெளியவைத்தால் உபயோகிக்கலாம் என்கிறார்கள். அந்தச் சிரமத்துக்குக் கலவை உப்பே மலிவு.

உப்பு சரி, கரைக்கத் தண்ணீர்? கரையோரம் ஆழ்குழாய்க் கிணறுகளில் உவர் ஏறிய ஊர் நம்முடையது. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. கேன் தண்ணீர் வாங்கினால் அளந்து பார்த்து வாங்குங்கள். சில கேன்களில் சுவைக்காக உப்புச் சத்தைத் திரும்பச் சேர்த்திருப்பார்கள். 100 லிட்டருக்குக் கலவை உப்பு மூன்றே முக்கால் கிலோ அளவு பிடிக்கும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒருநாள் முழுக்கக் காற்று விட்டுக் கலக்கி, கருவியில் 35 வந்தபின் தொட்டிக்கு ஊற்றலாம். தண்ணீர் தூக்கச் செப்புக் குடம், பித்தளைக் குடம் கூடவே கூடாது. செம்பு மிகச் சிறு அளவில் இருந்தாலே இறாலும் நத்தையும் பவளமும் செத்துவிடும். நம் வீடுகளில் செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வைத்திருக்கிறோம். மீனுக்கு அந்த உபசாரம் வேண்டாம்.

ஆறு வாரம்

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஆசிரியரின் மீன்களை முதலில் கொன்றது என் உப்பு அல்ல. என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. சரியான உப்பே போட்டிருந்தாலும் அவை செத்திருக்கும். புதுத் தொட்டியில் அன்றே ஆறு மீன் விட்டதுதான் மூல காரணம்.

மீன் விடும் கழிவிலும் தின்னாமல் அழுகும் இரையிலும் அமோனியா உண்டாகிறது. மீனுக்கு அது நஞ்சு. கடலில் அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல, வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் அடங்கிவிடும். இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் கிடையாது. கல்லின் துவாரங்களில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இல்லாமல், கட்டைவிரல் நகமளவு பச்சை இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட வேண்டும். சோதனைக் குப்பியில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் ஒரு மீன் அல்லது ஒரு ஜோடி விடலாம். அடுத்தது இரண்டு வாரம் கழித்து.

நன்னீர் மீன் வளர்த்தவர்கள், "நான் வாங்கிய அன்றே விட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். கடல்நீரின் காரத்தன்மை 8.2 அளவு. காரமும் சூடும் கூடக்கூட அதே அமோனியாவின் நஞ்சு பல மடங்காகும். குளத்து மீனின் அனுபவத்தை இங்கே கொண்டுவர முடியாது. நீண்ட பயணத்தில் பையில் வரும் மீனுக்கும் இதே ஆபத்து உண்டு. பை மூடியிருக்கும்வரை உள்ளே கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் சற்றுப் புளித்திருக்கும், அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அடங்கியிருந்தது நஞ்சாகும். ஆகவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற அமர வேடிக்கை பார்க்கக் கூடாது.

அலங்கார மீன் விற்கும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு நான் சொன்ன எதுவும் புதிதல்ல. "எல்லாம் தெரியும்ணே. ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. அவன் அன்னைக்கே கொடுத்து அனுப்புவான். நான் கடைக்கு வாடகை கட்ட வேண்டாமா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். போட்டி என்பது நமக்கும் தெரிந்ததே. உண்மை சொல்கிறவன் வாசலைத் தாண்டிப் பொய் சொல்கிறவன் வாசலுக்கு வாடிக்கையாளர் போவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கிப்போனவர் ஒரு வாரத்தில் எல்லாம் செத்ததும் என்ன செய்கிறார்? ஒருமுறை மறுபடி வாங்குவார். அதுவும் செத்தால் தொட்டியைக் கவிழ்த்து மொட்டை மாடியில் வைத்துவிடுவார். அந்தத் தெருவில் பத்துப் பேரிடமும் சொல்வார். தொட்டி ஓடிக்கொண்டிருந்தாலோ வாரத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் மாற்ற மாதம் ஒன்றரைக் கிலோ கலவை உப்பு வேண்டும், இரை வேண்டும், சோதனைக் குப்பி வேண்டும், வடிகட்டிப் பஞ்சு வேண்டும். ஆண்டுக்கணக்கில் வேண்டும். நம் மளிகை வியாபாரமே மாதக் கணக்கில்தானே நிற்கிறது? ஒருநாள் கல்யாணச் சாமான் எடுத்துப்போகிறவரை நம்பியா கடை வைத்திருக்கிறோம்? அந்தத் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் ஒத்துக்கிட்டா நானும் செய்யறேன்" என்றார். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது என்பது என் கருத்து. கடைசியில் வருகிறேன்.

கடைக்குள் தொட்டி வைப்பவர்களுக்கு

கடையில் தொட்டி வைக்க விரும்பும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை அனுபவத்தில் சொல்கிறேன். முதலாவது கொசு மருந்து. மின்சாரத்தில் சூடேற்றும் திரவம், சுருள், தெளிப்பான் எல்லாவற்றிலும் இருப்பது மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். இரவில் கடையை மூடி, கொசு மருந்தைப் போட்டுவிட்டுப் போனால் காலையில் தொட்டி காலி. குடோனில் மூட்டைகளுக்கு மருந்து வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதன் பக்கத்தில் தொட்டி வைக்கவே வேண்டாம்.

அடுத்தது வெப்பம். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி போதும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் தண்ணீர் 32ஐத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்தன என்றால் நம் தொட்டி எம்மாத்திரம்? மூடியை எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் வீசவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடல்காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் அதுவும் இறங்காது. குளிர்விப்பான் வாங்க வசதியில்லாதவர்கள் பவளம் என்ற பேச்சையே விட்டுவிட்டு வெப்பம் தாங்கும் மீன்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

விசிறி வைத்தால் தண்ணீர் வற்றும். நாளுக்கு ஒரு லிட்டர் வற்றும் தொட்டியில் பலர் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. பத்து நாளில் 10 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றினால் 350 கிராம் உப்பு அதிகமாகிவிடும், 35 இருந்தது 38.5 ஆகும். இன்னும் பத்து நாளில் 42. வற்றியதற்கு ஈடு நல்ல தண்ணீர், மாற்றுவதற்கு ஈடு உப்புத் தண்ணீர். வரவையும் பற்றையும் ஒரே பத்தியில் எழுதக் கூடாது என்று நம் பையன்களுக்குச் சொல்கிறோமே, அதுபோல இது.

மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப்பின் நாம் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது நினைவிருக்கும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். அந்த நாட்களில் இரை போடாதீர்கள். இரை இல்லாமல் மீன் பல நாள் இருக்கும்.

முதல் மாதம் கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்தால் பயப்பட வேண்டாம், தானே போகும். பச்சைப் பாசி முடிபோல் வளர்ந்தால் இரை அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள், அல்லது தண்ணீரில் பாஸ்பேட் இருக்கிறது. மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி வந்தால் நோய். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் செய்யுங்கள். செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் விட்டால் மற்ற ஜீவன்கள் போய்விடும். புதிதாக வாங்கும் மீனை ஒரு மாதம் தனியே வைத்திருந்து பிறகு சேர்ப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

ஒரு விஷயம் நம் கடைக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். பவளம் வளர்ப்பவர்கள் கால்சியத்துக்காகத் தொட்டியில் விடும் ஒரு தெளிநீர் இருக்கிறது, ஐரோப்பாவில் 1970களிலிருந்து பிரபலம். அது என்னவென்று பார்த்தால் நம் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்ததுதான். லிட்டருக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் கரையாது. தெளிந்த மேல்நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஆசிரியருக்கு இதைக் கேட்டதும் ஒரே உற்சாகம், ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கப் பார்த்தார். நான் தரவில்லை. கடைச் சுண்ணாம்பில் மஞ்சளும் நிறமும் இன்னும் என்னென்னவோ கலந்திருக்கிறது. காரமும் அதிகம், மொத்தமாக ஊற்றினால் மீன் வெந்துவிடும். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

கடலிலிருந்து வந்த கல்

தொட்டிக்கு அழகு கல். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வியாபாரிக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. "உயிருள்ள கல்" என்ற பெயரில் பவளப்பாறைத் துண்டு விற்பனைக்கு வருகிறது. 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த கல்லும் காற்றுக் குமிழியும் இருந்தாலே தொட்டி வாழும் என்று எழுதிக் காட்டினார். அன்று முதல் உலகமெங்கும் இந்தக் கல்லுக்குக் கிராக்கி. நம் நாட்டில் கல் பவளங்கள், கடல் விசிறி முதலியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. செத்த துண்டு என்றாலும் விதிவிலக்கு இல்லை. பிடிபட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டுவரை போகக்கூடிய சிறை. கடல்குதிரைக்கும் அதே ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. புதுவை மாநிலம், மத்திய ஆட்சி என்பதெல்லாம் இங்கே பேசமுடியாது. சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே.

"வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லி விற்க வருவார்கள். இறக்குமதித் தாள் கேளுங்கள். தாள் இல்லையென்றால் அந்தச் சரக்கு கடைப்படி ஏற வேண்டாம். கல்லாவில் இருப்பவருக்குத்தான் முதலில் நோட்டீஸ் வரும், கொண்டுவந்து போட்டவர் கைப்பேசியை அணைத்துவிடுவார்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986ல் அவற்றைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த 21ல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இப்போது கடலுக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டாண்டாகப் பாறையை வெட்டியெடுத்ததில் தீவின் காப்பு போயிற்று. வெட்டியவர்கள் ஏழைகள். வாங்கி விற்றவர்கள் நம்மைப்போன்ற வணிகர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் என்ன செய்யும் என்று பார்த்த ஊர் இது. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் போய், கரைக்குக் காப்பு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கல் இல்லாமல் தொட்டி இல்லையே என்றால், சுட்ட மண்ணிலும் சிமெண்டிலும் துவாரம் துவாரமாகச் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. நுண்ணுயிர் குடியேற அதுவே போதும். என் கடைத் தொட்டியில் இருப்பது அதுதான். சிமெண்டுக் கல்லைப் பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் காரம் போக்கிய பிறகே போட வேண்டும். மீனும் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறார்கள். நமக்கு வடக்கே சிதம்பரத்தைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அதைச் சாதித்தார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டியிலேயே வளர்ந்தது, கொடுக்கும் இரையைத் தின்னும், நோய் குறைவு. அந்த மீனைப் பற்றி இன்னொரு விந்தை. எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. பெண் போய்விட்டால் அடுத்த பெரிய ஆண் அந்த இடத்துக்கு வந்து பெண்ணாகிவிடும். கடைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். 158 வகை மீன்களை விற்கவோ காட்டவோ கூடாது என்றும், உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வைக்கக் கூடாது என்றும் இருந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன. எதிர்த்தது சரிதான். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனையும் கடலில் பிடித்ததையும் ஒரே பட்டியலில் வைத்தது முறையல்ல. ஆனால் திரும்பப் பெற்றதும் நாம் என்ன செய்தோம்? நமக்கென்று ஒரு நடைமுறையை நாமே வகுத்திருந்தால் மேலிருந்து ஒருவர் விதி போட வேண்டிய அவசியம் வராது. மறுபடி வரும்போது எதிர்த்துப் பேச நமக்கு முகமும் இருக்கும்.

என் யோசனை இது. கடல் மீன் தொட்டி விற்கும், விற்கப்போகும் உறுப்பினர்கள் கூடி, தொட்டி விற்ற அன்று மீன் விற்பதில்லை என்று முடிவு செய்யட்டும். தொட்டி, உப்பு, கல், சோதனைக் குப்பி ஒருநாள், மீன் ஆறு வாரம் கழித்து, சோதனையில் பூஜ்யம் காட்டினால் மட்டும். மீனுக்குப் போடும் பில்லில் பொரிப்பகத்து மீனா, கடலில் பிடித்ததா என்று எழுதட்டும். பவளக் கல்லும் கடல்குதிரையும் எந்த உறுப்பினர் கடையிலும் இருக்கக் கூடாது. தொட்டியோடு கொடுக்க ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் தமிழில் அச்சடிக்க வேண்டும். அதை எழுதித்தர அந்த ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். அச்சுக் கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மளிகைக் கடைக்காரர்கள் செய்ய வேண்டியது, உப்புக் கேட்டு வருகிறவரிடம் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்பது.

ஆசிரியர் மூன்றாம் முறை செயற்கைக் கல்லோடு தொட்டியை ஓடவிட்டு ஏழாவது வாரம்தான் மீன் விட்டார். ஒரே ஒரு ஜோடி. அந்தச் சின்னப்பெண் அத்தனை வாரமும் இறால் துண்டு அழுகுவதைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தாளாம். அப்பா கடைக்கு வரும்போதெல்லாம் அவளும் வந்து என் தொட்டியில் உப்பு எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். என் யோசனைக்கு மறுப்பு உள்ளவர்கள், குறிப்பாக அலங்கார மீன் வியாபாரத்தில் இருப்பவர்கள், அடுத்த பொதுக்குழுவுக்கு முன் சங்க அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.